16எஸ் மரபணு மட்டும் ஏன் போதாது?

செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் ஒரு பகுதிக்கான 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவைப் படித்தாலே எந்த பாக்டீரியா என்று தெரிந்துவிடுமே, பிறகு ஏன் ஆய்வகங்கள் வேறு மரபணுக்களையும் தேடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மரபணு எல்லா பாக்டீரியாவிலும் உண்டு. நீளம் சுமார் 1,500 கார இணைகள் (டிஎன்ஏ எழுத்து ஜோடிகள்). அதில் மாறாத பகுதிகளுக்கு நடுவே, இனத்துக்கு இனம் வேறுபடும் 9 பகுதிகள் இருக்கின்றன. மாறாத இடத்தில் பிரைமரை (தொடக்கமாக உதவும் சிறு டிஎன்ஏ துண்டை) ஒட்டவைத்து, டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் முறையில் பெருக்கி, வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு எடுத்த இதய வால்வுத் திசுவில் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒன்றுமே காட்டாதபோது இது கைகொடுக்கும். செத்த கிருமியின் டிஎன்ஏகூடப் போதும்.

சிக்கல் நெருங்கிய உறவுக்காரர்களிடம்தான். நிமோனியாவை வரவழைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியேவுக்கும், வாயில் சும்மா குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸுக்கும் இந்த மரபணு 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றுதான். அறிக்கையில் இரண்டும் அடங்கிய 'மைட்டிஸ் குழு' என்று மட்டும் வந்தால் மருத்துவர் என்ன செய்வார்? அங்கே நிமோனியேவை அடையாளம் காண உதவும் லைட்ஏ மரபணுவைப் பார்க்கிறார்கள். மைக்கோபாக்டீரிய (காசநோய்க் கிருமியின் குடும்பம்) இனங்களைப் பிரித்தறிய ஆர்பிஓபி என்ற மரபணு உதவும்.

குடல் பாக்டீரியாவான ஈ.கோலை, சீதபேதி தரும் ஷிகெல்லா கதையே வேறு. மரபணு ரீதியில் ஷிகெல்லாவும் ஈ.கோலைதான், மருத்துவ வழக்கத்துக்காகத்தான் தனிப்பெயர் நீடிக்கிறது. ஐபிஏஎச் மரபணு இருந்தால் ஷிகெல்லாவாக இருக்கலாம், குடல் செல்லுக்குள் ஊடுருவும் ஈ.கோலையாகவும் இருக்கலாம்.