உறுதியான தண்டனையை மறுபடி ஆராய, பழைய ஆவணங்களை எப்படி வாங்குவது?

கேள்வி: என் சித்தப்பா கொலை வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்து வருகிறார். ஹைகோர்ட்டும் உறுதி செய்துவிட்டது. அவர் செய்யவில்லை என்று குடும்பமே நம்புகிறது. ஸ்டேஷனில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போட்டால் பழைய ஆவணங்கள் எல்லாம் கிடைத்துவிடுமா?

பதில்:

கிடைக்காது. ஆர்டிஐ பிறகு உதவும், அதிலிருந்து தொடங்காதீர்கள். நான் தென்மாவட்டங்களில் கிரிமினல் அப்பீல் நடத்தும் வழக்கறிஞர். என்னிடம் வரும் குடும்பங்களிடம் முதலில் சொல்வது இதுதான்: நகல் வாங்குவது அப்புறம், இருப்பது அழியாமல் தடுப்பதுதான் முதல் வேலை.

செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். 'சான்றுப்பொருட்கள் மதிப்பற்றவை, மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் அழிக்கப்பட வேண்டும்' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். தண்டனையைப் படித்து உடைந்துபோன குடும்பம் அந்த வரியைக் கவனிப்பதே இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசியின் 452-ஆவது பிரிவின்படி (இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 498) அந்த உத்தரவு இரண்டு மாதம் வரை, அப்பீல் போட்டிருந்தால் அது முடியும் வரை, நிறைவேற்றப்படக் கூடாது. உங்கள் அப்பீல் முடிந்துவிட்டதால் அந்தப் பாதுகாப்பு இப்போது இல்லை. ரத்தக்கறை படிந்த சட்டை, அரிவாள், முடி எதுவானாலும் இன்னும் கோர்ட் சொத்து அறையில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இருந்தால் அழிக்க வேண்டாம் என்று அதே கோர்ட்டில் உடனே மனு போடுங்கள். மறுத்தால் ஹைகோர்ட்டுக்குப் போங்கள். தடய அறிவியல் ஆய்வகத்துக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதி, மிச்சமுள்ள மாதிரியையும் ஆய்வுக் குறிப்புகளையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது வழக்குக் கட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அப்பீலுக்காக ஹைகோர்ட் போன கட்டு திரும்பி வந்ததா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். அப்பீல் நடத்திய வக்கீலிடம் டைப்செட் (அப்பீலுக்காக டைப் செய்து தொகுத்த வழக்கு ஆவணங்கள்) இருந்தால் அதையும் வாங்கிவிடுங்கள். பிறகுதான் நகல் மனு. கோர்ட் ஆவணங்களை ஆர்டிஐ வழியாகக் கேட்க முடியாது, கோர்ட்டின் சொந்த விதிப்படிதான் கேட்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நகல் கேட்கும்போது முன்பக்கம், பின்பக்கம், முத்திரை, ஓரக்குறிப்பு எல்லாம் தெரிய வேண்டும் என்று வற்புறுத்துங்கள். வழக்கின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. எஃப்ஐஆரில் மாஜிஸ்திரேட் கைப்பட எழுதிய தேதியும் நேரமும் இருக்கும். இரவே பதிவானதாகச் சொல்லப்படும் எஃப்ஐஆர் மறுநாள் சாயங்காலம் அவர் கைக்குப் போயிருந்தால், நடுவில் என்ன நடந்தது என்று கேட்க இடமிருக்கிறது. சாட்சிகளின் போலீஸ் வாக்குமூலங்கள் கோர்ட்டுக்கு வந்த தேதியையும், பறிமுதல் பொருட்களுக்கான படிவம் 95 வந்து சேர்ந்த தேதியையும் அதேபோல் பாருங்கள்.

ஆஸ்பத்திரியின் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரை விட்டுவிடாதீர்கள். அடிபட்டவரை யார் கூட்டி வந்தார்கள், எத்தனை பேர் தாக்கியதாகச் சொன்னார்கள், தெரிந்தவர்களா தெரியாதவர்களா என்பதை டாக்டர் அதில் எழுதியிருப்பார். போலீஸ் கதை முழு வடிவம் எடுப்பதற்கு முன்னால் எழுதப்பட்ட வரிகள் அவை. 'தெரியாத மூன்று பேர்' என்று அதில் இருந்து, குற்றப்பத்திரிகையில் பெயரோடு ஒரே ஒருவர் இருந்தால், எந்த வக்கீலும் அதைக் கடந்து போக மாட்டார்.

ஆர்டிஐ போலீஸிடம் பயன்படும். ஸ்டேஷன் ஜெனரல் டைரி (அன்றாட நிகழ்வுப் பதிவேடு), மாதிரிகளை எடுத்துப் போன காவலரின் பாஸ்போர்ட் (அந்த வேலைக்கு அவரை அனுப்பிய போலீஸ் பணிச்சீட்டு), ஆய்வகத்துக்கு அனுப்பிய கடிதங்கள் ஆகியவற்றைத் தேதி போட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள். விசாரணை பாதிக்கும் என்று மறுத்தால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள், முடிந்த வழக்கில் அந்தக் காரணம் எளிதில் நிற்காது. சிசிடிவி, போன் அழைப்பு விவரம் பற்றி உங்கள் வழக்கில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஸ்டேஷன் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே 2020 டிசம்பரில்தான். சாத்தான்குளம் ஸ்டேஷனில் 1 டிபி ஹார்டு டிஸ்க் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள் என்று மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்ததும் அதே வருடம்தான்.

கட்டே தொலைந்துவிட்டது என்று பதில் வந்தாலும் கலங்காதீர்கள், அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். 500 ரூபாய் லஞ்சம் கேட்டதாக ஒரு ரயில்வே ஊழியருக்கு 1999-இல் தண்டனை கிடைத்தது. அப்பீல் நிலுவையில் இருந்தபோதே கீழ்க்கோர்ட் ஆவணங்கள் தொலைந்துபோயின. ஹைகோர்ட் அப்படியும் தண்டனையை உறுதி செய்தது. ஆவணமே இல்லாமல் அப்படிச் செய்ய முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கோர்ட்டுக்கு வெளியிலும் தேடுங்கள். புனேயில் 1994-இல் ஏழு பேர் கொல்லப்பட்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ராஜஸ்தான்காரர் ஒருவர் 28 வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். சம்பவத்தின்போது அவருக்கு வயது 12 தான் என்பதைக் காட்டியது, வேறு பெயரில் பதிவாகியிருந்த அவருடைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. 2023-இல் விடுதலையானார். அந்தச் சிறுவனைத் தூக்குக்கு அனுப்பத் தயாராக இருந்தோம் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. சித்தப்பா அப்போது 18-ஐ ஒட்டிய வயது என்றால், பள்ளியில் இன்றே விசாரியுங்கள். இளம் சிறார் என்ற வாதத்தை எல்லா அப்பீலும் முடிந்த பிறகும் எழுப்பலாம்.

கையில் வந்த ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். யாரிடமிருந்து எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சான்றிட்ட நகலில் பேனா படக்கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள். சித்தப்பா சிறையிலிருந்தே மனு அனுப்பலாம்.