போக்கர் மேசையில் அழுகுணி ஆட்டம்

கோவாவில், மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் போக்கர் ஆடிவிட்டு வந்த வாசகர் கேட்கிறார்: "கடைசிப் பொதுச் சீட்டான ரிவர் திறந்ததும் எதிராளி பெட் (பந்தயம்) வைத்தார், நானும் அதே பணம் வைத்துக் கால் செய்தேன். உடனே அவர் 'ஃப்ளஷ்' என்றார், அதாவது ஐந்து சீட்டும் ஒரே இனம். என்னிடம் அதைவிடச் சின்னதான மூன்று எட்டு. சரி, போச்சு என்று சீட்டைக் கவிழ்த்தபடியே டீலர் பக்கம் தள்ளிவிட்டேன். அப்புறம் அவர் திருப்பிக் காட்டினால் வெறும் இரண்டு ஜோடி, என்னுடையதைவிடச் சின்னது! 'ஹார்ட்டினை டைமன் என்று நினைத்துவிட்டேன்' என்று சிரிக்கிறார். ஃப்ளோர் மேலாளரும் பாட்டை (நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தை) அவருக்கே கொடுத்துவிட்டார். இது நியாயமா? என் சீட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நண்பர் வாய் திறந்திருக்கலாமா?"

நியாயமில்லைதான். ஆனால் ஃப்ளோர் மேலாளரின் தீர்ப்பு சரி. கடைசியில் யார் என்ன சொன்னார் என்பது கணக்கில்லை, மேசையில் திறந்து வைத்த சீட்டுதான் பேசும். அவர் 'ஃப்ளஷ்' என்றதால் அது ஃப்ளஷ் ஆகிவிடவில்லை. அதேபோல, நீங்கள் காட்டாமல் தள்ளிவிட்ட மூன்று எட்டும் கழிவுச் சீட்டோடு கலந்த நொடியில் செத்துப்போயிற்று. அதற்கு உயிர் கொடுக்க ஆரம்பித்தால், தோற்றவர் எல்லாம் 'என்னிடம் நாலு ராஜா இருந்தது' என்று கிளம்பிவிடுவார்கள்.

போட்டி இயக்குநர்களின் அமைப்பான டிடிஏ 2001-ல் தொடங்கியது. அதன் விதிப்படி, வேண்டுமென்றே தன் சீட்டைத் தவறாகச் சொன்னவருக்குத் தண்டனை கொடுக்கலாம். ஆனால் அந்தத் தண்டனையால் உங்கள் பணம் திரும்பி வராது. 'வேண்டுமென்றே' என்பதை நிரூபிப்பதும் லேசில்லை. இரண்டு சிவப்பையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில், நிஜமாகவே தவறிச் சொன்னவருக்கு முகம் சுண்டிப்போகும், சிரிப்பு வராது.

உங்களிடம் ஒரு தவறு இருக்கிறது. கடைசிச் சுற்றில் பெட் வைத்தது அவர், கால் செய்தது நீங்கள். ஆகவே முதலில் காட்ட வேண்டியவர் அவர்தான். நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அவர் என்ன சொன்னாலும், சிரித்தாலும், 'நீங்கதான் ஜெயிச்சீங்க' என்று கை கொடுத்தாலும், அவர் சீட்டைக் கண்ணால் பார்க்கும்வரை உங்கள் சீட்டு கையை விட்டுப் போகக் கூடாது. அப்புறமும் உங்கள் இரண்டு சீட்டையும் திறந்து வைத்துவிட்டு, டீலர் கணக்குப் பார்க்கட்டும் என்று விடுங்கள். சீட்டின் மேல் ஒரு சிப்பையோ (பணத்துக்குப் பதிலான வில்லை) நாணயத்தையோ வைத்து ஆடும் பழக்கமும் நல்லது.

'ப்ளஃப் என்பதே பொய்தானே, இதில் மட்டும் என்ன ஒழுக்கம்?' என்று கேட்பவர்கள் உண்டு. ப்ளஃபில் பணத்தை நடுவில் வைத்துப் பொய் சொல்கிறோம். மாட்டினால் நஷ்டம் நமக்கு. அழுகுணி ஆட்டத்தில் அந்த ஆபத்து கிடையாது, மாட்டினால் 'ஐயோ, தெரியாமல் நடந்துவிட்டது' என்றால் முடிந்தது. 2011-ல் மாட்ரிட்டில் நடந்த இபிடி (ஐரோப்பியப் போக்கர் டூர்) கிராண்ட் ஃபைனலில் வெனிசுவேலாவின் இவான் ஃப்ரெய்டஸ் 'ரெய்ஸ்' (பந்தயத்தை ஏற்றுகிறேன்) என்று சொல்லிவிட்டு, 'கால் என்றுதான் சொல்ல வந்தேன்' என்று தடுமாறுவதுபோல் நின்றார். வாயால் சொன்னது சொன்னதுதான் என்று, குறைந்தபட்ச ரெய்ஸ் வைக்கும்படி தீர்ப்பானது. எதிராளி அதற்கும் பணம் கட்டினார். ஃப்ரெய்டஸ் கையிலோ பலமான சீட்டு. அந்தப் போட்டியில் வென்று 15 லட்சம் யூரோவும் வாங்கிப் போனார்.

மற்ற தந்திரங்களும் இதே ரகம்தான். ஆயிரம் ரூபாய் பெட்டுக்கு ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு ஐயாயிரம் சிப்பை வைத்து, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு 'ரெய்ஸ்' என்பார்கள். சொல்லாமல் வைத்த ஒற்றைச் சிப் வெறும் கால்தான். 'கால்... அதுக்கு மேல ஒரு ரெண்டாயிரம்' என்று தவணை முறையில் ஏற்றுவதும் செல்லாது. பெரிய சிப்பைச் சின்னதுக்குப் பின்னால் ஒளித்து வைப்பவரிடம், பெட் வைப்பதற்கு முன்பே கணக்குக் கேளுங்கள். ஜெயித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம் யோசிப்பதுபோல் நடிக்கும் 'ஸ்லோ ரோல்' மட்டும் வேறு. அதில் பணம் போகாது, மரியாதைதான் போகும்.

சந்தேகம் வந்தால் எதிராளியோடு மல்லுக்கட்டாமல், 'ஃப்ளோரைக் கூப்பிடுங்கள்' என்று டீலரிடம் சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுக் கலைக்கத் தொடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு புகார் எடுபடாது.

இனி நண்பர் விஷயம். நீங்கள் சீட்டைத் தள்ளப் போகும்போது அவர் 'டேய், இரு' என்றிருந்தால் தவறு அவருடையது. ஒரு கைக்கு ஒரு ஆள்தான் ஆட வேண்டும், வெளியிலிருந்து யோசனை கூடாது. ஆனால் நீங்கள் மூன்று எட்டைத் திறந்து வைத்த பிறகு டீலர் கவனிக்காமல் பாட்டை அந்தப் பக்கம் தள்ளியிருந்தால், உங்கள் நண்பர் மட்டுமில்லை, அந்த மேசையில் யார் வேண்டுமானாலும் 'நிறுத்துங்கள்' என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.