80 கிலோமீட்டருக்கு லாடமா, பூட்ஸா?

கேள்வி: என்னுடைய ஒன்பது வயதுப் பெண் குதிரை 40 கிலோமீட்டர் நெடுந்தூரப் போட்டிகளைச் சிரமமில்லாமல் முடித்திருக்கிறது. ஐந்து வாரத்தில் முதல் 80 கிலோமீட்டர். பாதையில் கல் அதிகம் என்கிறார்கள். இதுவரை லாடம் அடித்ததில்லை. குளம்பின் புகைப்படத்தை அனுப்பினால் அளவு பார்த்து, குளம்பில் மாட்டும் ரப்பர் பூட்ஸ் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? எந்த வேகத்தில் ஓட்டுவது?

பதில்: வேகத்தை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவில் நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளை நெறிப்படுத்தும் ஏ.இ.ஆர்.சி. அமைப்பின் விதியை எடுத்துக்கொண்டால், 80 கிலோமீட்டருக்கு இடைநிறுத்தங்களையும் சேர்த்து 12 மணி நேரம். நிறுத்தங்களுக்கு ஒன்றரை மணி நேரம் போனாலும், மணிக்கு எட்டு கிலோமீட்டர் சராசரி போதும். உங்கள் போட்டியின் கெடு எவ்வளவு என்று பார்த்து இதே கணக்கைப் போடுங்கள். சீரான டிராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்), இறக்கத்திலும் கல்லிலும் நடை, இவ்வளவுதான். முதல் சுற்றில் முன்னால் பாயும் கூட்டத்தோடு போகாதீர்கள். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகு கிளம்புங்கள்.

பல போட்டிகளில், வழியில் கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்க்கும் சோதனை இடத்தில், அதன் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64க்கோ அதற்குக் கீழோ இறங்கிய பிறகுதான் உங்கள் ஓய்வு நேரமே ஓடத் தொடங்கும். ஆகவே சோதனை இடத்துக்குள் பாய்ந்து வந்து மிச்சம் பிடித்த ஐந்து நிமிடம், துடிப்பு இறங்கக் காத்திருப்பதிலேயே போய்விடும். கடைசி ஒரு கிலோமீட்டருக்கு இறங்கிவிடுங்கள். சேணத்தின் வாரைத் தளர்த்திவிட்டு, நடத்திக்கொண்டு வாருங்கள்.

இனி அந்தப் புகைப்பட ஆசாமி. வேண்டாம். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வளர வளர அடியில் விரியவும் செய்கிறது. செதுக்கி ஐந்து வாரமான குளம்பைப் படம் எடுத்து அனுப்பினால், வருகிற பூட்ஸ் அடுத்த செதுக்கலுக்குப் பிறகு தொளதொளக்கும். தொளதொளக்கும் பூட்ஸ் சேற்றில் கழன்று போகும். கழலாவிட்டால் இன்னும் மோசம்: திருகிக்கொண்டு, உள்ளே புகுந்த மணலோடு சேர்ந்து குதிகாலை அரைக்கும். செதுக்கிய ஓரிரு நாளுக்குள் அகலத்தையும் நீளத்தையும் மில்லிமீட்டரில் நீங்களே அளந்து வாங்குங்கள். அளவு சரியில்லையென்றால் மாற்றித் தர மறுக்கும் கடைக்காரரிடம் பேச்சையே வளர்க்காதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதை வாயே திறப்பதில்லை. பல குதிரைகளுக்கு முன்னங்கால் குளம்புகள் இரண்டும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்று செங்குத்தாகவும் குறுகலாகவும், மற்றது தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். உங்கள் குதிரையும் அப்படியென்றால் இரண்டு அளவுகளில் ஒவ்வொன்றாக வாங்குங்கள். ஜோடியாகத்தான் தருவோம் என்பார்கள். அது அவர்களுடைய கிடங்குப் பிரச்சினை. 'சின்னக் காலுக்கு உள்ளே கனமான மெத்தை வைத்துக்கொள்ளுங்கள்' என்பார்கள், அதையும் கேட்காதீர்கள். ஒரு காலை மட்டும் உயர்த்திவிட்டு 80 கிலோமீட்டர் ஓட்டினால் அந்தக் கோணல் தோள்வரை ஏறும். பின்னங்கால்களையும் தனியே அளக்க வேண்டும், அவை பெரும்பாலும் முன்னங்காலைவிடக் குறுகலானவை.

பூட்ஸ் வந்ததும் போட்டிப் பாதையைப் போன்ற தரையில், தண்ணீரையும் கடந்து, முப்பது கிலோமீட்டராவது ஓட்டுங்கள். கழற்றியவுடன் குளம்புக்கு மேல் குதிகால் மேட்டில் மயிர் தொடங்கும் இடத்தைக் கட்டைவிரலால் தடவுங்கள். மயிர் கலைந்து எதிர்ப்பக்கம் நின்றாலோ, கீழே தோல் சூடாக இருந்தாலோ, குதிரை காலை வெடுக்கென்று இழுத்தாலோ, அந்த பூட்ஸ் ஆகாது. பழகினால் சரியாகிவிடும் என்று சொல்பவரின் காலா தேயப்போகிறது?

மூன்று வாரத்துக்குள் பொருந்தும் பூட்ஸ் கிடைக்காவிட்டால் லாடத்துக்குப் போங்கள். போட்டிக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னதாக அடித்துவிட வேண்டும். ஆணி உயிர்த்தசைக்கு நெருக்கமாக இறங்கியிருந்தால் அந்த வலி சில சமயம் ஓரிரு நாள் கழித்துத்தான் நொண்டலாக வெளிப்படும். முந்தின மாலை முகாமில் சுத்தியலோடு சுற்றுபவரிடம் காலைக் கொடுத்தால், அது உங்களுக்கு நடுவழியில்தான் தெரியவரும். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாதவர் லாடம் அடிக்கக் கூடாது. அமெரிக்காவில் அப்படி எந்த உரிமமும் தேவையில்லை. பூட்ஸ் விற்கவோ எங்கும் ஒரு தகுதியும் கேட்பதில்லை.

அமைப்பாளர்களையும் சும்மா விட முடியாது. எத்தனை கிலோமீட்டர் கல், எங்கே ஓடை என்பதை முந்தைய இரவுக் கூட்டத்தில் அறிவித்து யாருக்கு என்ன பயன்? குளம்பை அதற்குள் மாற்றவா முடியும்? இன்றே கடிதம் எழுதிப் பாதை விவரத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் போன முறை ஓட்டியவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

லாடம் அடித்தாலும், முன்னங்காலுக்குப் பொருந்தும் ஒரு பூட்ஸைச் சேணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் லாடம் கழன்றால், சோதனை இடம்வரை குதிரையை நடத்திச் செல்ல அது போதும்.