ஏரிக்கரையில் ஒரு சக்கர நாற்காலி

அன்புள்ள ஐயா,

என் தாயாருக்கு வயது 74. பக்கவாதத்திற்குப் பின் வலக்கால் சரியாக ஊன்றுவதில்லை; வாக்கரைப் பிடித்தபடி வீட்டுக்குள் நடக்கிறார். திருமணமான புதிதில் பார்த்த கொடைக்கானல் ஏரியை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். மே மாத விடுமுறையில் அழைத்து வரலாமா? சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நாலு பேர் பார்க்க வரமாட்டேன் என்றும் பிடிவாதம் பிடிக்கிறார்.

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அழைத்து வாருங்கள், மே மாதம் மட்டும் வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் இவ்வூரில் வாக்கரோடு நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலையூரின் மேடு பள்ளத்தைவிடக் கூட்டம்தான் நம்மைத் தோற்கடிக்கிறது. வாக்கரைத் தூக்கி முன்னே வைக்க இரண்டடி வெற்றிடம் வேண்டும். மலர்க் கண்காட்சி நாட்களில் ஏழு ரோடு சந்திப்பில் அந்த இரண்டடிக்குள் யாராவது புகுந்துவிடுகிறார்கள், நாம் வைத்த காலை எடுக்கவும் முடியாமல் நிற்கிறோம்.

பள்ளிகள் நடக்கும் மாதத்தில், செவ்வாய் அல்லது புதன்கிழமை, காலை ஏழரை மணிக்கு ஏரிக்கரைக்கு வந்துவிடுங்கள். 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் அணை கட்டி உருவாக்கிய ஏரி இது. ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளும் சுற்றுச்சாலை நீரின் விளிம்பை ஒட்டியே வளைந்து செல்வதால், ஊரிலேயே பெரும்பாலும் சமமாக இருக்கும் பாதை அதுதான். குதிரைகளும் வாடகை சைக்கிள்களும் பெருகுவதற்குள் அரைமணி நேரம் தள்ளிச் சென்று திரும்பிவிடலாம். முழுச் சுற்று தேவையில்லை. மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் ஏற்ற இறக்கத்தில் நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். படகும் வேண்டாம், படித்துறையிலிருந்து ஆடும் படகுக்குள் கால் வைக்கும் அந்த ஒரு கணத்தில் ஊன்றாத காலை நம்ப முடியாது.

தங்குமிடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மலைச்சரிவில் கட்டிய வீடுகளுக்குத் தரைத்தளம் என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. வரவேற்பறை சாலை மட்டத்தில் இருக்கும், அறைகளோ அதற்குக் கீழே இருக்கும். வெளியூரிலிருந்து வந்த என் அண்ணனுக்காக, என் வாக்கர் நாட்களில், ஒரு விடுதியில் தொலைபேசியில் கேட்டு "தரைத்தளம்தான்" என்ற உறுதியோடு அறை பிடித்தேன். அவரைப் பார்க்கப் போனபோது ஏழு படிகள் இறங்க வேண்டியிருந்தது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் என்பது கட்டட விதி. அந்த ஏழு படிக்கு நாற்பதடி வேண்டும், பலகை ஒன்றைச் சாய்த்துவைத்துச் சமாளிக்க முடியாது. ஆகவே தளம் எதுவென்று கேட்காதீர்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி, குளியலறை வாசலின் அகலம் எவ்வளவு, கழிப்பறை மேற்கத்திய வகையா என்று கேட்டு, புகைப்படமும் அனுப்பச் சொல்லுங்கள். நாற்காலியை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம் என்பதால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அம்மாவின் கூச்சத்துக்கு வருகிறேன். மோட்டார்ச் சாலை போடப்படுவதற்கு முன், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து இந்த ஊருக்கு வந்த துரைமார்களிலும் அவர்கள் வீட்டுப் பெண்களிலும் பலர் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்துதான் வந்தார்கள். நம்மவர்கள் தோளில் சுமந்தார்கள். கால் நன்றாக இருந்தவர்களே அதற்குக் கூசவில்லை. பெற்ற பிள்ளை தள்ளும் நாற்காலியில் உட்கார அம்மா எதற்குத் தயங்க வேண்டும் என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு வழியாக ஏறும்போது, ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் சாலையோரத்திலேயே வெள்ளி அருவி வரும். வண்டியை ஓரமாக நிறுத்தினால் கண்ணாடியை இறக்கி அமர்ந்தபடியே பார்க்கலாம். அம்மா பார்க்க விரும்பும் அதே ஏரியிலிருந்து வழிந்துவரும் நீர்தான் அது.