புளியங்கொட்டையும் எவர்சில்வர் டம்ளரும்

கேள்வி: கல்லூரித் தோழர்கள் ஐந்து பேர் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் கூடுகிறோம். சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஒதுங்கிவிடுகிறோம். மேசையில் வைத்து ஆடும் பெட்டி விளையாட்டுகளுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்று விலை சொல்கிறார்கள். அதிகச் செலவில்லாமல் மூளைக்கு வேலை வைக்கும் விளையாட்டு ஏதும் உண்டா, அல்லது தாயமும் பல்லாங்குழியும்தான் கதியா? சீட்டுக்கட்டை எடுத்தாலே அம்மா "சூதாட்டமா?" என்று கேட்கிறார்.
- வாசகர், திருச்சி

பதில்: பல்லாங்குழியை இவ்வளவு இளக்காரமாகப் பேசுகிறவர் அதைக் கடைசியாக எப்போது ஆடினார் என்று கேட்கத் தோன்றுகிறது. அதுவும் ஆடுபுலி ஆட்டமும் கூர்மையான விளையாட்டுகள்தாம். உங்கள் சனிக்கிழமைக்கு அவை பொருந்தாததற்குக் காரணம் வேறு. இரண்டுமே இருவருக்கானவை, மீதி மூவர் வேடிக்கை பார்க்க வேண்டும், பார்க்கிறவர் கை தானாகக் கைப்பேசியைத் தேடும். தாயத்திலோ முதல் ஒன்று விழும்வரை காயே இறங்காது என்பதால், எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க நேரும்.

பெட்டியின் விலையில் பெரும்பகுதி அட்டைக்கும் பொம்மைக்கும் அச்சுக்கும் போகிறது. ஐந்து பேரை இரண்டு மணி நேரம் மேசையில் கட்டிப்போடுவது அவையல்ல. அடுத்தவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியாமல் இருப்பதும், அதை அவருடைய பேச்சிலிருந்தும் தயக்கத்திலிருந்தும் ஊகிக்க வேண்டியிருப்பதும்தான். அந்த ஏற்பாட்டைச் செய்ய மிகக் குறைந்த பொருள் போதும்.

லூடோவுக்குப் பயன்படும் ஆறு பக்கப் பகடையில் 25 வாங்குங்கள். மொத்தச் செலவு ஒரு நல்ல பிரியாணியின் விலையைத் தாண்டாது. ஆளுக்கு ஐந்து பகடையும் ஓர் எவர்சில்வர் டம்ளரும் கொடுங்கள். கண்ணாடி டம்ளர் உதவாது, உள்ளே இருப்பது தெரிந்துவிடும். எல்லோரும் குலுக்கிக் கவிழ்த்து, தம்முடையதை மட்டும் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒருவர், ஐந்து டம்ளர்களுக்கும் அடியில் சேர்த்து "ஆறு நாலு இருக்கிறது" (நாலு விழுந்த பகடைகள் ஆறு) என்பதுபோல் ஓர் எண்ணிக்கையைச் சொல்வார். அடுத்தவர் அதைவிட உயர்த்திச் சொல்ல வேண்டும், அல்லது "பொய்" என்று சொல்லி எல்லா டம்ளர்களையும் திறக்கவைக்க வேண்டும். சொன்ன எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் சந்தேகப்பட்டவர் ஒரு பகடையை இழப்பார், குறைந்தால் சொன்னவர் இழப்பார். ஒன்று என்பது எந்த எண்ணாகவும் கணக்கில் சேரும். ஆங்கிலத்தில் 'லையர்ஸ் டைஸ்' எனப்படும் இந்த ஆட்டத்தின் சுவை அந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது. உங்கள் டம்ளரில் இரண்டு நாலும் ஓர் ஒன்றும் இருந்தால் கையில் மூன்று. மற்றவர்களின் 20 பகடைகளில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆறோ ஏழோ, நாலாகக் கணக்காகும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே "ஒன்பது நாலு" என்று நீங்கள் நிதானமாகச் சொல்லலாம். ஆனால் உங்களுக்கு முன்னால் நாலையே பிடித்துக்கொண்டு ஏற்றிய நண்பர் கையில் வைத்துக்கொண்டு ஏற்றினாரா, உங்களை மாட்டிவிடவே ஏற்றினாரா என்பதைக் கணிதம் சொல்லாது. பத்தாண்டுப் பழக்கம் சொல்லக்கூடும். ஐந்து பகடையையும் இழந்தவர் வெளியேற வேண்டும் என்பது முறை. அதைக் கைவிட்டு, ஒருவர் அனைத்தையும் இழந்தவுடன் ஆட்டத்தை முடித்து, மிகுதியாக வைத்திருப்பவரை வென்றவராக அறிவியுங்கள்; யாரும் சும்மா உட்கார வேண்டியிராது.

இன்னொன்றை நீங்களே செய்துகொள்ளலாம். தோர்ஸ்டன் கிம்லர் வடிவமைத்து 2004-இல் ஜெர்மனியில் வெளியான 'நோ தேங்க்ஸ்' என்ற ஆட்டத்துக்கு வேண்டியவை 3 முதல் 35 வரை எண் எழுதிய 33 அட்டைகளும், ஆளுக்குப் பதினொன்றாக 55 புளியங்கொட்டைகளும்தான். கலைத்து, ஒன்பது அட்டைகளைப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். முறை வருகிறவர் அட்டையை எடுத்துக்கொள்ளலாம், அல்லது வேண்டாம் என்பதற்கு அதன்மேல் ஒரு கொட்டையை வைத்துத் தப்பிக்கலாம். கொட்டை தீர்ந்தவருக்கு எடுப்பதைத் தவிர வழியில்லை. எடுக்கிறவருக்கு அதன்மேல் குவிந்த கொட்டைகளும் சேரும். இறுதியில் அட்டைகளின் கூட்டுத்தொகையிலிருந்து கொட்டைகளைக் கழித்தால் எவருக்குக் குறைவோ அவரே வென்றவர். ஒருவர் கையில் தொடர்ச்சியாக அமைந்த எண்களில் மட்டும் மிகச் சிறியதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

இப்போது, உங்களிடம் 33 இருக்கும்போது 32 திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற நால்வருக்கும் அது 32 புள்ளிச் சுமை. உங்களுக்கோ சுமை ஒன்று குறையும் வரவு. உடனே எடுத்துவிடுவார் புதியவர். சற்றுப் பழகியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, தானும் ஒரு கொட்டையை வைத்து அட்டையைச் சுற்றவிடுவார். திரும்பி வரும்போது அதில் ஐந்து கொட்டைகள் இருக்கும். இன்னொரு சுற்று விடலாமா என்ற பேராசை அப்போது எழும். அதற்குள் கொட்டை தீர்ந்த ஒருவர் வேறு வழியின்றி அதை எடுத்துக்கொண்டு போனால், உங்கள் திட்டமும் 33-உம் அப்படியே கையில் நிற்கும். ஒதுக்கிய ஒன்பதில் 34 இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாதென்பதால், அதை நம்பி 35-ஐ எடுக்கிறவரைப் பார்த்து இரக்கப்படவும் வாய்ப்புக் கிடைக்கும்.

ஐந்தாமவர் வராத சனிக்கிழமைக்கு, கேரளத்தில் ஆடப்படும் 28 என்ற சீட்டாட்டம் இருக்கிறது. இலங்கையில் பரவலான 304 அதன் உறவு. ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டுகள், எதிரெதிரே அமர்ந்தவர்கள் கூட்டாளிகள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என நான்கு இனத்துக்கும் கூட்டினால் 28 வரும். முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்த உடனேயே எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்டு, துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டை, கவிழ்த்து வைத்துவிட வேண்டும். ஆடுகிற இனம் கையில் இல்லாத ஒருவர் திறக்கச் சொல்லும்வரை, துருப்பு எது என்பது வைத்தவரைத் தவிர எவருக்கும், கூட்டாளிக்கும்கூட, தெரியாது.

கூட்டத்தில் ஒளிந்திருக்கும் 'கொலைகாரர்களை'ப் பேசியே கண்டுபிடிக்கும் ஆட்டம், 1986-இல் மாஸ்கோவில் திமித்ரி தவிதோவ் உருவாக்கிய 'மாஃபியா'. அதற்குச் செலவே இல்லை. ஆனால் ஐந்து பேருக்கு அது சோபிக்காது, முதலில் 'கொல்லப்பட்டவர்' உங்கள் பழைய நோய்க்கே, கைப்பேசிக்கே, திரும்பிவிடுவார்.

அம்மாவின் சந்தேகம் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். சீட்டில் நிலத்தையும் நகையையும் தொலைத்த குடும்பங்களை அவர் தலைமுறை அறியும். அவருக்கு வாதம் செய்து விளக்க வேண்டாம், புளியங்கொட்டை ஆட்டத்தில் ஐந்தாவது ஆளாக அவரை உட்கார வையுங்கள். வேண்டுமானால் உங்களில் ஒருவர் அன்று பாத்திரம் கழுவட்டும். "பத்து ரூபாயாவது வைத்தால்தான் சூடு பிடிக்கும்" என்று சொல்லும் நண்பர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். பாத்திரம் கழுவ முதலில் அவரை அனுப்புங்கள்.