அட்டைக்கு ஒருவர், உள்ளே வேறொருவர்

கேள்வி: தங்கள் இதழின் சித்திரக்கதைக்கு அட்டைப்படம் வரைபவரின் வண்ணமும் நுணுக்கமும் உள்பக்கங்களில் இல்லை. திறமையானவரை அட்டையோடு நிறுத்திவிட்டு, உள்ளே வெறும் கோடுகளைத் தருவது ஏமாற்று அல்லவா?
வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: 'வெறும் கோடுகள்' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலாது. கடந்த ஆண்டு ஒரு கதையின் எட்டுப் பக்கங்களை அட்டை ஓவியரிடமே கொடுத்தோம். நாயகன் கதவைத் திறக்கும் சாதாரணக் கட்டத்தில்கூடத் தாழ்ப்பாளின் துருவையும் பலகையின் வரிகளையும் அவர் அத்தனை அழகாகத் தீட்டியிருந்தார். ஆனால் வசனம் வைக்க இடமில்லை, கண் தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டதால் கதவுக்கு அப்பால் யார் என்ற பதைப்பும் எழவில்லை. முதல் பக்கத்து முகம் மூன்றாம் பக்கத்தில் வேறு முகமாகிவிட்டதை, பக்கம் வடிவமைக்கும் தம்பிதான் முதலில் கவனித்தார். அவற்றை நாங்கள் அச்சிடவில்லை.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆயுதம் ஏந்திய வீரன், அவன் உயிர் கொடுத்துக் காத்த ஆநிரை என ஒரு வாழ்வு முழுவதையும் ஒரே கணத்தில் நிறுத்திக் காட்டும் அந்தக் கல்லின் வேலைதான், பேருந்து நிலையக் கடையில் தொங்கும் இதழின் அட்டைக்கும் உரியது. அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதானத்திலோ இராமாயண, பாரதக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. அண்ணாந்தபடி நாம் நகர நகரக் கதையும் நகர்கிறது. அங்கே ஒவ்வோர் உருவமும் நடுகல் வீரனைப் போல் நம்மை நிறுத்தினால், அடுத்த காட்சிக்கு எப்போது போவது? கையசைவையும் முகபாவத்தையும் நாலு கோட்டில் சொல்லி, அதே ஆளை நூறு கட்டங்களிலும் அதே ஆளாகக் காட்டுவது தனித் திறமை. அதை அட்டைக்குக் கீழ்ப்பட்டதாக எண்ணாதீர்கள்.

நம்மவர்கள் விரும்பிப் படிக்கும் கௌபாய் சித்திரக்கதை நாயகன் டெக்ஸ் வில்லரின் இத்தாலிய முதன்மைத் தொடரில் 400ஆம் இதழ் வரை அட்டைகளை வரைந்தவர் கல்லெப்பினி. 1994இல் அந்தப் பொறுப்பு கிளாடியோ வில்லாவுக்கு வந்தது. உள்ளே கதைகளை வரைந்தவர்களோ ஜொவான்னி டிச்சி உள்ளிட்ட பலர். இரண்டும் கைவந்தவர்கள் இல்லாமல் இல்லை: அமெரிக்காவின் அலெக்ஸ் ராஸ் உள்பக்கங்களையும் முழு வண்ண ஓவியமாகவே தீட்டிக் கதையை நகர்த்தியவர். அத்தகையோர் மிகச் சிலரே.

ஏமாற்று என்ற குற்றச்சாட்டு ஓரிடத்தில் மட்டும் பொருந்தும். முன்பு ஓர் இதழின் அட்டையில் பாய்ந்த சிறுத்தை, கதையில் எங்குமே வரவில்லை. ஓவியரிடம் கதையைக் கொடுக்காமல் தலைப்பை மட்டும் சொல்லி வரையச் சொன்னது என் தவறு. இப்போது உள்பக்கங்கள் அனைத்தும் முடிந்து, அவற்றை அவர் படித்த பிறகே அட்டைக்குத் தூரிகை எடுக்கிறார்.