கடின நீருக்குச் சாஃப்ட்னரா, ஆர்.ஓ.வா?

தாம்பரத்தை அடுத்த புறநகரில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 650 மில்லிகிராம் என்று ஆய்வறிக்கை வந்துள்ளது. சோப்பு நுரைப்பதில்லை, கீசர் காயிலை இரண்டு முறை மாற்றிவிட்டோம். ஒருவர் சாஃப்ட்னர் என்கிறார், இன்னொருவர் வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. என்கிறார், மூன்றாமவர் குழாயில் காந்தம் பொருத்தினால் போதும் என்கிறார். வீட்டில் நான்கு பேர். எதைச் செய்வது?"

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500:2012) கடினத்தன்மையை 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் தண்ணீர் அதையும் தாண்டிவிட்டது. குளியல், துவைப்பு, கீசர் ஆகியவற்றுக்குச் சாஃப்ட்னரும் (கடின நீரை மென்னீராக்கும் கருவி), குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒரு சிறிய ஆர்.ஓ.வும் (தண்ணீரை நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தி உப்புகளை நீக்கும் கருவி) வைப்பதே என் பரிந்துரை. வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. வைத்தால் கழிவாக வெளியேறும் தண்ணீர் மிக அதிகம். நிலத்தடி நீர் இறங்கிவரும் பகுதியில் அதை நான் சொல்ல மாட்டேன். கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியத்தையோ மக்னீசியத்தையோ காந்தம் நீக்குவதில்லை என்பதால் அதில் பணம் போட வேண்டாம்.

சாஃப்ட்னரில் உள்ள ரெசின் மணிகள் அவ்விரண்டையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன; மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவினால் மீண்டும் வேலை செய்யும். நாளொன்றுக்கு 500 லிட்டர் என்று கொண்டால், 25 லிட்டர் ரெசின் உள்ள கருவியை மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை, ஏறக்குறைய மூன்று கிலோ உப்பிட்டுக் கழுவ வேண்டியிருக்கும். கழிப்பறைத் தொட்டிக்குச் செல்லும் குழாயைத் தனியாகப் பிரித்துவிட்டால் இந்தச் செலவு குறையும்.

பலர் ஏமாறுவது, தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில்தான். கால்சியத்தின் இடத்தில் சோடியம் வருவதால், சாஃப்ட்னர் நன்றாக வேலை செய்தாலும் மீட்டரில் எண் குறையாது. கருவி பழுது என்று அதைக் கழற்றிவிடாமல், சொட்டு மருந்துபோல் வரும் கடினத்தன்மைச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வையுங்கள்: பொடியைக் கலந்ததும் தண்ணீர் சிவந்தால் கடினத்தன்மை இருக்கிறது, நேராக நீலமானால் மென்னீர். சிவந்த தண்ணீர் நீலமாக மாறப் பெட்டியில் உள்ள திரவத்தை எத்தனை சொட்டு விட்டீர்கள் என்பதே அளவு.

உங்கள் தண்ணீர் மென்னீரானதும் லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவு சோடியம் கூடுதலாகச் சேரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை அப்படியே குடிக்கக் கூடாது. செடிகளுக்கும் ஊற்றாதீர்கள், மண் இறுகிவிடும். அதே மென்னீரை ஆர்.ஓ.வுக்குக் கொடுத்தால் அது சோடியத்தைப் பெருமளவு நீக்கிவிடும்; சவ்விலும் சுண்ணாம்பு படியாது. ஏற்கெனவே அடைத்துக்கொண்ட ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஓரிரவு ஊற வைத்தால் துளைகள் திறந்துகொள்ளும்.

பணம் கட்டும் முன் ஆய்வறிக்கையில் இரும்பின் அளவைப் பாருங்கள். 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ரெசினில் துருப் படிந்து கருவி சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், சாஃப்ட்னருக்கு முன்பாக ஓர் இரும்பு வடிகட்டியையும் சேர்த்தே விலை கேளுங்கள்.